பஞ்சுமலைக் கோட்டைக்கு ஒரு தேங்காய்

நான் ஒரு கோட்டையை இடித்தவன். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில், பாறை உச்சியில், பல நூறு வருடங்களாக நின்ற கோட்டை. எத்தனையோ படைகள் சுற்றி வளைத்தும் விழாத அதை, ஒரு மழை நாளில், குடை பிடித்தபடி, ஒரே வாக்கியத்தில் தரைமட்டமாக்கினேன். சிவகாசிக்காரன் என்பதால் வெடி வைத்திருப்பேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஊசிப் பட்டாசு கொளுத்தவே பயம். நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். என்னிடம் இருந்தது வாய் மட்டும்தான்.

பெயர்கள் எதையும் எழுதப்போவதில்லை. கோட்டையின் பெயரையும்தான். அது என் மேல் வழக்குப் போடலாம்.

என் தாய்மாமா சிவகாசியில் அச்சகம் வைத்திருந்தார். அவர் மகளைத்தான் நான் கட்டினேன். ஆகவே அவர் எனக்கு மாமாவும் மாமனாரும் முதலாளியுமாக இருந்தார். மூன்று பேருக்கும் சேர்த்து அவர் ஒரே ஆளாகத் திட்டுவார். ஆரம்பத்தில் தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள் என்று அடித்துக்கொண்டிருந்த அச்சகம், ஐம்பதுகளில் காலண்டருக்கு மாறியது. முருகன், லட்சுமி, கிருஷ்ணன் என்று எல்லாரும் அடிப்பதையே மாமாவும் அடித்தார். சாமி படம் மாட்ட முடியாத சாயபு கடைகளுக்கும் கிறிஸ்தவர் கடைகளுக்கும் ஏதாவது வேண்டும் என்று தேடியபோது, மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் சீமை பிஸ்கட் டின் மூடி ஒன்று கிடைத்தது. அதில் ஒரு கோட்டை. பின்னால் பனிமலை. கீழே ஆறு. ஓரத்தில் பொடி எழுத்தில் கோட்டையின் பெயர் தேய்ந்துபோய், பள்ளத்தாக்கின் பெயர் மட்டும்.

எங்கள் ஓவியர் அதைப் பார்த்து, படம் அச்சடிக்கும் லித்தோ கல்லில் வரைந்தார். இடது பக்கம் காலியாக இருக்கிறது என்று தன் இஷ்டத்துக்கு இன்னொரு கோபுரமும் எழுப்பினார். கல்லில் கோபுரம் கட்ட எந்த ராஜாவிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அந்தப் படத்தை சாயபு கடைகள் கொஞ்சம் வாங்கின. ஆனால் அள்ளிக்கொண்டு போனது விருதுநகர் பஞ்சு வியாபாரிகள். பின்னால் தெரிந்த பனியை அவர்கள் பஞ்சு என்று எடுத்துக்கொண்டார்கள். பங்களாவுக்குப் பின்னால் வானம் முட்டப் பஞ்சு குவித்து வைத்திருக்கும் ஒரு மகராசனின் வீடு! இதைவிட மங்களமான படம் ஒரு பஞ்சுக்கடைக்கு உண்டா? சாம்பிள் காட்டப் போன மாமாவிடம் ஒருவர், "அண்ணாச்சி, இவரு எந்த ஊரு ஏவாரி?" என்று கேட்டிருக்கிறார். மாமா ஒரு கணமும் யோசிக்காமல், "வடக்க" என்றாராம். அந்த சீசனில்தான் அச்சகம் தலை நிமிர்ந்தது. அதிலிருந்து ஊரில் அதற்குப் பஞ்சுமலைக் கோட்டை காலண்டர் என்றே பெயர். வருடம் தவறாமல் அடித்தோம்.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அந்தப் படத்தைப் பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். தினமும் அதற்கும் ஒரு பூ. அது சாமி இல்லை என்று அவளுக்குத் தெரியும். "சாமி இல்லேன்னா என்ன மாப்ள? சோறு போட்ட வீடுல்லா" என்பாள்.

அறுபதுகளின் நடுவில் மாமா ஜெர்மனியிலிருந்து ஆப்செட் மிஷின் வாங்க ஆசைப்பட்டார். இறக்குமதி லைசென்ஸ் இன்று வரும், நாளை வரும் என்று இழுத்துக்கொண்டே போனது. மாமா சென்னைக்கும் சிவகாசிக்கும் அலைந்து இளைத்தார். ஒரு நாள் அத்தை அந்தப் படத்தின் முன்னால் நின்று, லைசென்ஸ் வந்தால் உன் வாசலிலேயே வந்து தேங்காய் உடைக்கச் சொல்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். லைசென்ஸ் வந்துவிட்டது. மிஷினைப் பார்த்துப் பேசி முடிக்க மாமா ஜெர்மனி போகத் தயாரானார். இங்கிலீஷ் பேச நான் கூடப் போனேன். அத்தை ஒரு மஞ்சள் பையில் குடுமியோடு ஒரு தேங்காயும், சூடமும், சுருட்டிய ஒரு காலண்டரும் வைத்துக் கொடுத்தாள்.

"மிஷினு ஓடுறதுக்கு முன்னால இத முடிச்சிருங்க. மறந்துட்டேன்னு வந்து நிக்காதீக."

மாமா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம் முணுமுணுத்தார். "திருச்செந்தூர்னா காலைல போயிட்டு சாயங்காலம் வந்திரலாம். இவ நேந்துகிட்ட எடத்தப் பாத்தியாலே?"

ஜெர்மனி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி தேங்காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மாமாவின் மருந்து என்றேன். "என்னலே கேட்டான்?" என்றார் மாமா. "நம்ம ஊர்ல மழை உண்டான்னு கேட்டாரு மாமா" என்றேன். பிரயாணத்தின் முதல் பொய் அது. அதில் இரண்டு பக்கமும் எனக்கு லாபம்தான். இங்கிலீஷ் தெரியாதவருக்கும் தமிழ் தெரியாதவருக்கும் நடுவில் நிற்பவனுக்கு வாய்க்கும் சுகமே தனி. அவன் சொன்னதுதான் உலகம்.

மிஷின் பேச்சு நல்லபடியாக முடிந்தது. அந்தத் தொழிற்சாலையிலிருந்து ரயிலில் சில மணி நேரம் போனால் பிஸ்கட் டின்னில் எழுதியிருந்த பள்ளத்தாக்கு. தொழிற்சாலை ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உல்லாசப் பயணம் போவார்களாம். ரயிலை விட்டு இறங்கினால், கோட்டைகளுக்கென்றே ஒரு பஸ். நம்ம ஊரில் கோயில் கோயிலாக நின்று போகிற மாதிரி அது கோட்டை கோட்டையாக நின்று போகும்.

எனக்கு உள்ளே ஒரே பரவசம். கல்லூரியில் படித்த அத்தனை பிரபுக்களும் சீமாட்டிகளும் மனதுக்குள் நடமாடினார்கள். மாமாவுக்கு வேறு கவலை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் காலண்டரை விரித்துக் கோட்டைக்கு நேராகப் பிடித்தார். பார்த்தார். "இது இல்லலே. இது குட்டை" என்றார்.

குட்டையாக இருந்தாலும் உள்ளே போனோம். மரத்தரை தேயக்கூடாது என்று பூட்ஸுக்கு மேலே கம்பளிச் செருப்பு மாட்டிவிட்டார்கள். மாமா பூட்ஸையே கழற்றப் போனார். "செருப்ப வெளிய விடணும்னு தெரிஞ்சிருக்கே. நல்ல மனுசங்கதான்" என்றார். சுவர் முழுக்க அந்த வம்சத்துப் பெரியவர்களின் ஓவியங்கள். எல்லாருக்கும் ஒரே மூக்கு. மாமா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஒரே கல்லுல அடிச்சிருக்கான். மீசைய மட்டும் மாத்திருக்கான்" என்றார்.

அங்கேதான் ஒரு ஆங்கிலேயத் தம்பதி என்னிடம் பேச்சுக் கொடுத்தார்கள். கணவர் கல்லூரி ஆசிரியர். மனைவி தொப்பி வைத்திருந்தாள். நான் படித்த புத்தகங்களைச் சொன்னதும் அவர்கள் முகம் மலர்ந்தது. இந்தியாவிலிருந்து வந்து இவ்வளவு படித்திருக்கிறீர்களே என்றார்கள். அதில் இருந்த இளக்காரம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. குளிர்ந்துபோனேன்.

இரண்டாவது கோட்டைக்கும் அதே பஸ், அதே தம்பதி. இது கொஞ்சம் உயரம். காலண்டரைப் பிடித்துப் பார்த்த மாமாவுக்குச் சந்தேகம். "அது மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. உள்ள போயிப் பாப்போம்."

உள்ளே வழிகாட்டிப் பெண் வெடிமருந்து அறையைக் காட்டினாள். பக்கத்து அறை சமையல்கட்டு. நடுவில் ஒரு மரக்கதவு மட்டும். மாமா அப்படியே நின்றுவிட்டார். அச்சங்குளம் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருந்த பங்காளி ஒருவருக்காக லைசென்ஸ் அதிகாரிகளிடம் நடையாய் நடந்தவர் அவர்.

"ஏலே, மருந்து ரூமையும் அடுப்பையும் ஒண்ணா வச்சிருக்கான். இவனுக்கு எவன்லே லைசென்ஸ் குடுத்தான்? கேளு அவட்ட."

நான் அவளிடம், இந்தச் சுவர் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கேட்டேன்.

அடுத்து கழிப்பறை. பாறைக்கு வெளியே தொங்குகிற மாதிரி ஒரு கல்மாடம், நடுவில் ஓட்டை, கீழே பார்த்தால் ஆறு. அத்தனை பேரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "ராசா இங்கன உக்காந்தா கீழ குளிக்கிறவன் கதி என்னலே?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

முற்றத்துக்கு வந்ததும், இதுதான் அந்தக் கோட்டையாக இருக்குமோ என்று நினைத்தாரோ என்னவோ, மஞ்சள் பையிலிருந்து தேங்காயை எடுத்துப் பெரிய வாசலின் படியில் வைத்தார். சூடத்தைப் பக்கத்தில் வைத்துத் தீப்பெட்டியைத் தேடினார். காவல்காரன் ஓடி வந்தான். அத்தனை வெள்ளைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பிக்காரி என்னைப் பார்த்தாள். அவர் யார் என்று கேட்டாள்.

"என் சமையல்காரர். தேங்காய் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார்" என்றேன்.

தம்பதி வாய்விட்டுச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். தன்னைப் பற்றித்தான் ஏதோ நல்ல விதமாகப் பேசுகிறார்கள் என்று மாமாவும் கும்பிட்டுச் சிரித்தார். "என்னலே சொன்னாக?" என்றார்.

"உங்களப் பெரிய மனுசர்னு சொன்னாக மாமா."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

இது தேங்காயை மருந்து என்று சொன்ன மாதிரிப் பொய் இல்லை. என் கால் பூட்ஸும், மேல் கோட்டும், படித்த படிப்பும் அந்த மனிதர் வாங்கிக் கொடுத்தவை.

மூன்றாவது கோட்டைக்குப் பஸ் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மேகம் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, பாறைக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை. டிக்கெட் கொடுக்கும் கூண்டில் இருந்த கிழவியிடம் காலண்டரைக் காட்டினேன். அவள் முகம் பிரகாசமானது. இதேதான், நேர் மேலே இருக்கிறது, மேகம் மறைத்திருக்கிறது, பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் போதும், வாசல் திறந்துதான் இருக்கும் என்றாள். இந்தக் கோபுரம் மட்டும் அங்கே கிடையாதே என்று இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னலே சொல்லுதா?"

நான் பாதையைப் பார்த்தேன். அந்தத் தம்பதி குடையை விரித்துக்கொண்டு ஏறத் தொடங்கியிருந்தார்கள். தொப்பிக்காரி திரும்பி, வாருங்கள் என்று கையசைத்தாள். ஒரு மணி நேரம் அவர்களோடு நடக்க வேண்டும். உச்சியில் என் சமையல்காரர் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார். நான் பக்கத்தில் நின்று கும்பிட வேண்டும்.

"யுத்தத்துல குண்டு விழுந்து இடிஞ்சு போச்சாம் மாமா" என்றேன்.

"முழுசாவா?"

"முழுசா."

மாமா மேகத்தை அண்ணாந்து பார்த்தார். தலையில் கட்டியிருந்த மப்ளர் நனைந்து ஒழுகியது. பிறகு காலண்டரை மெதுவாகச் சுருட்டினார். "இடிஞ்ச வீட்டு வாசல்ல தேங்கா ஒடைக்கக் கூடாதுலே" என்றார். திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். தேங்காய் அவர் மடியில் இருந்தது. எனக்கு அந்தத் தம்பதியோடு போய் கோட்டையைப் பார்க்க முடியாத வருத்தம் மட்டும்தான் இருந்தது. அதுதான் அன்றைய என் யோக்கியதை.

இதோடு முடியும் என்று நினைத்தேன். ஊருக்கு வந்த பிறகுதான் கோட்டை உண்மையாகவே இடியத் தொடங்கியது. இடிந்த வீட்டின் படத்தை நம் ஆட்கள் வீட்டில் மாட்டமாட்டார்கள், கடையில் மாட்டவேமாட்டார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாக்கியத்தைச் சொல்லும்போது தோன்றவில்லை. மாமா வந்த மறுநாளே அந்தக் காலண்டரை நிறுத்தினார். தெரியாமல் அடித்தது ஒரு பாவம், தெரிந்தும் விட்டு வைத்தால் பெரும்பாவம் என்று, ஒரு ஜீப்பில் லட்சுமி காலண்டர்களை ஏற்றிக்கொண்டு விருதுநகர், ஆமத்தூர், எம். புதுப்பட்டி என்று கடை கடையாக இறங்கினார். "அண்ணாச்சி, அத எறக்கிருங்க. வீடு இப்ப இல்ல" என்று சொல்லி, மாற்றிக் கொடுத்தார். ஒரு பஞ்சு வியாபாரி கலங்கிப்போய், "பஞ்செல்லாம்?" என்று கேட்டார். "போச்சு" என்றார் மாமா.

லித்தோ கல்லில் ஒரு படம் வேண்டாமென்றால் மணலும் தண்ணீரும் போட்டு, இன்னொரு கல்லை மேலே வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கப் படம் கரைந்து வெறுங்கல்லாகிவிடும். அதைக் கூடவே நின்று பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார் மாமா. முதலில் பஞ்சு போனது. அப்புறம் கோபுரங்கள். வாசல் கடைசியாகப் போனது.

அத்தை பூஜை அலமாரியிலிருந்து படத்தை எடுத்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, கேட்டாள்.

"மாப்ள, அதுல இருந்த சனமெல்லாம் என்ன ஆனாக?"

நான் இலக்கியம் படித்தவன் அல்லவா? எல்லாரும் சுரங்க வழியாகத் தப்பித்துவிட்டார்கள் என்றேன். குழந்தைகள் முதலில் போனதாகவும் சொன்னேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேர்ந்த தேங்காயைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று அதை அலமாரியிலேயே வைத்தாள். உள்ளே தண்ணீர் வற்றி, எடுத்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் கேட்கும்.

மறு வருடம் மிஷின் வந்தது. பூட்டிக் கொடுக்கத் தொழிற்சாலையிலிருந்து ஒரு ஜெர்மன்காரர் வந்தார். எங்கள் வெயிலில் இரண்டே நாளில் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிட்டார். எனக்கு அவரோடு ஆங்கிலம். மாமாவுக்கு என் உதவிகூடத் தேவைப்படவில்லை. தினமும் காலையில் மிஷினைக் கை காட்டி "பினிஷ்?" என்பார். அவர் தலையை ஆட்டி "நோ பினிஷ்" என்பார். இரண்டு பேருக்கும் அதற்குள் அப்படி ஒரு சிநேகம்.

ஒரு நாள் ஜெர்மன்காரரே "பினிஷ்!" என்றார். நல்ல நாள் பார்த்து மிஷினுக்குப் பூஜை போட்டோம். மாலை, சந்தனம், சூடம். மாமா ஒரு தேங்காய் உடைத்தார், மேஸ்திரி ஒன்று, நான் ஒன்று. ஜெர்மன்காரர் கைகட்டி எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அத்தை மஞ்சள் பையோடு முன்னால் வந்தாள். அதிலிருந்து பஞ்சுமலைக் கோட்டைப் படத்தை எடுத்தாள். எறிய மனமில்லாமல் அரிசி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாளாம். "அவக ஊருப் பக்கம்தான மாப்ள. தெரியுமான்னு கேளுங்க" என்றாள்.

ஜெர்மன்காரர் படத்தைப் பார்த்ததும் துள்ளினார். எனக்கு நன்றாகத் தெரியும், போன வசந்தத்தில்கூட மனைவியோடு ஏறினேன், மேலே நல்ல பீர் கிடைக்கும், இந்த இடது கோபுரம் மட்டும் எங்கிருந்து வந்தது என்றார்.

"இடிஞ்சு கெடக்கிறதப் பாத்திருக்காராம்" என்றேன்.

அத்தை பையிலிருந்து அந்தப் பழைய தேங்காயை எடுத்து அவர் கையில் வைத்தாள். "ஊருக்குப் போனதும், இடிஞ்ச எடத்துலயாவது இத ஒடைக்கச் சொல்லுங்க. ஒங்க மாமா கூடாதுன்னாக. ஆனா சொன்ன சொல்லு நிக்கிதே."

அங்கே அவ்வளவு பேர் நின்றார்கள். இதை மொழிபெயர்த்தால், இடிந்த இடமா, எந்த இடம் என்று அவர் கேட்பார். ஆகவே சொன்னேன்: இந்த அம்மா உங்களுக்குத் தரும் பரிசு, எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் நெஞ்சில் கை வைத்து அத்தைக்குத் தலை வணங்கினார். மிகவும் மரியாதை தெரிந்த மனிதர். கையில் தேங்காய் இருந்தால் இந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, மிஷின் முன்னால் ஓங்கி அடித்தார்.

தேங்காய் அருமையாக உடைந்தது. உள்ளே கொப்பரை. ஊழியர்கள் கை தட்டினார்கள். அத்தை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவன்ட்ட என்னலே சொன்ன?" என்றார் மாமா.

"அவரு தப்பாப் புரிஞ்சுகிட்டாரு மாமா."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அத்தை கையிலிருந்த படத்தை வாங்கி, ஜெர்மன்காரர் முன்னால் பிடித்து, கோட்டையின் மேல் விரலை வைத்தார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார்.

"பினிஷ்?"

"நோ! நோ பினிஷ்!" என்று சிரித்தார் ஜெர்மன்காரர். நிமிர்ந்து நின்று, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அது எப்படி நிற்கிறது என்று தானே கோட்டையாக நின்று காட்டினார். "குட்! வெரி குட்!"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிழவி சொன்னது, மேகம், பாதை. சமையல்காரர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அதைக் கேட்க மாமா இப்போது உயிரோடு இல்லை.

"குண்டு போட்டவன்கூட விட்டுட்டுப் போன கோட்டைய, வாயால இடிச்சிட்டியேலே" என்றார் மாமா. அப்புறம் சுவரோரம் சாத்தியிருந்த அந்த வெறுங்கல்லிடம் போய் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தை கேட்டது வேறு. "அப்ப நிக்குதா மாப்ள? அந்தப் பிள்ளைகளெல்லாம் வீட்டுலயே இருக்காகளா?"

சுரங்கத்தில் நான் அனுப்பிய குழந்தைகளை அவள் இத்தனை நாளும் மறக்கவில்லை. இருக்கிறார்கள் என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ஜெர்மன்காரர் ஊர் திரும்பும் நாளில் அத்தை புதுத் தேங்காய் ஒன்றைப் பார்த்து வாங்கி, மஞ்சள் தடவி, குடுமியோடு, சூடமும் சேர்த்து அவரிடம் கொடுத்தாள். நான் முதல் தடவையாக முழுவதையும் உள்ளபடி ஆங்கிலத்தில் சொன்னேன். நேர்ச்சை, வாசல், ஏன், எதற்கு, எல்லாம். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். தேங்காயைப் பெட்டியில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "இப்ப அவர்ட்ட என்ன சொன்னீக மாப்ள?"

சொன்னதைச் சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமில்லை. பிறகு ஜீப்பின் அருகே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் தானே பேசினாள். காது மந்தமானவரிடம் பேசுவது மாதிரி, உரக்க, நிறுத்தி நிறுத்தி, எங்கள் ஊர்த் தமிழில். "நேரா வாசலுக்குப் போங்க. கெழக்கப் பாத்து நில்லுங்க. சூடத்தக் கொளுத்துங்க. ஒரே அடியா அடிங்க. நாங்க சொன்னோம்னு சொல்லுங்க." கைகளை உயர்த்தி உடைத்தும் காட்டினாள்.

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அவரும் தன் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார், ஆங்கிலத்தில் இல்லை. அத்தை "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டாள். ஜீப் கிளம்பியது.

அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.